நேரோபோட்டில் ஒரு வாரம்: ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயில் கொடுக்கிற காசுக்குத் தகுமா?

இங்கிலாந்தின் கால்வாய்களில் நேரோபோட்டை, அதாவது தங்கிக்கொண்டே ஓட்டிப்போகும் ஒடுங்கிய நீளப் படகை, வாடகைக்கு எடுத்து நண்பர்களோடு ஒரு வாரம் போய்வர ஓட்டுநர் உரிமம் தேவையில்லை, முன் அனுபவமும் வேண்டாம். இந்தச் சேவையின் பெரிய வரமும் பெரிய வம்பும் அதுதான். சுமார் பதினைந்து டன் எடையுள்ள இரும்புப் படகை, ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்துவிட்டுக் கையில் ஒப்படைக்கிறார்கள். அந்த ஒரு மணி நேரம் எப்படி நடக்கிறது, பாதையை எவ்வளவு குறைவாக வைத்துக்கொள்கிறீர்கள் என்ற இரண்டும்தான் வாரம் இனிக்குமா கசக்குமா என்பதைத் தீர்மானிக்கின்றன. படகின் அலங்காரமும் சமையலறைப் பளபளப்பும் அதற்கு அப்புறம்தான்.

இங்கே எடுத்துக்கொண்டிருப்பது ஆக்ஸ்ஃபோர்டு கால்வாயின் தென்பகுதி. நாப்டன் அருகிலிருந்து புறப்பட்டு பான்பரி வரை போய்த் திரும்பும் பயணம். முதல்முறை போகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பாதைகள் ஒன்றிரண்டுதான் இருக்கும்.

முதலில் கணக்கு. மைல்களையும் லாக்குகளையும் (படகை ஒரு நீர்மட்டத்திலிருந்து இன்னொன்றுக்கு ஏற்றி இறக்கும், இருபுறமும் கதவுள்ள தொட்டிகள்) கூட்டி மூன்றால் வகுத்தால் எத்தனை மணி நேரம் ஆகும் என்பது கிடைத்துவிடும். கால்வாயில் வேக வரம்பு மணிக்கு 4 மைல். ஆனால் கட்டிப்போட்ட படகுகள், பாலங்கள், வளைவுகள் எல்லாவற்றுக்கும் மெதுவாக்கிப் போனால் சராசரி மூன்றைத் தாண்டாது. ஒரு லாக்குக்கு 15 முதல் 20 நிமிடம் பிடிக்கும். நாப்டன் சந்திப்பிலிருந்து ஆக்ஸ்ஃபோர்டு நகரம் வரை சுமார் 49 மைல், 39 லாக். போய்வர ஏறக்குறைய 59 மணி நேரம். ஒரு நாளைக்கு ஆறு மணி நேரம் என்று வைத்தால் பத்து நாள். ஒரு வார வாடகையிலோ முதல் நாள் பிற்பகல் மூன்று மணி வாக்கில்தான் படகு கைக்கு வரும். கடைசி நாள் காலை ஒன்பது மணிக்குத் திருப்பித் தர வேண்டும். நடுவில் கிடைப்பது முழுதாக ஆறு நாள். ஆக்ஸ்ஃபோர்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று கிளம்புகிறவர்கள் காலை ஏழு மணிக்குப் படகை எடுத்து, இருட்டும் வரை ஓட்டி, மூன்றாம் நாள் ஒருவர் முகத்தில் ஒருவர் விழிக்க முடியாத நிலைக்கு வருவார்கள்.

பான்பரி வரை என்றால் ஒருபக்கம் சுமார் 22 மைல், இருபது சொச்சம் லாக். போய்வர ஏறக்குறைய 29 மணி நேரத்தில் முடியும். ஆறு நாளின் 36 மணி நேரத்தில் மிச்சமுள்ள ஏழு மணி நேரம்தான் இந்த விடுமுறையின் உண்மையான லாபம். மழை பெய்தால் நிற்கலாம். வழியிலுள்ள கிராப்ரெடி கிராமத்தில் அரை நாள் நடக்கலாம். நாலு இரவு மட்டும் எடுப்பவர்கள் பான்பரிக்கு முன்னாலேயே வரும் ஃபென்னி காம்ப்டனில் திரும்பிவிடுவது நல்லது.

வாடகை பருவத்தைப் பொறுத்துப் பெரிதாக மாறுகிறது. நாலிலிருந்து ஆறு பேர் படுக்கிற படகுக்குக் கோடையில் ஒரு வாரத்துக்கு 1,200 பவுண்டிலிருந்து 2,000 பவுண்டுக்கு மேலும் போகும். பள்ளி விடுமுறை வாரங்களில் உச்சம். ஏப்ரலிலும் அக்டோபரிலும் கணிசமாகக் குறையும். விளம்பரத்தில் இருக்கும் தொகையை மட்டும் பார்த்து ஒப்பிடாதீர்கள். சில நிறுவனங்கள் டீசலையும் சேர்த்தே விலை சொல்கின்றன. சில, முன்பணம் வாங்கிக்கொண்டு திரும்பி வந்ததும் அளந்து கழிக்கின்றன. சேதத்துக்கான கட்டணம், கார் நிறுத்தம், நாய்க்குத் தனிக் கட்டணம், துண்டுகள் என்று மேலே ஏறும். ஓடும்போது என்ஜின் மணிக்கு ஒன்று முதல் ஒன்றரை லிட்டர் டீசல் குடிக்கும். சூடேற்றும் கருவியும் டீசலில் ஓடினால் அந்தச் செலவு தனி.

எந்தப் படகை எடுப்பது? நேரோபோட்டின் அகலம் எல்லாவற்றிலும் ஏறக்குறைய ஒன்றுதான், 6 அடி 10 அங்குலம். லாக்குகளின் அகலம் 7 அடி என்பதால் வேறு வழியில்லை. உள்ளே நடக்கும் இடம் ரயில் பெட்டியின் நடைபாதை போல. ஒருவர் சுவரோடு ஒட்டினால்தான் இன்னொருவர் போக முடியும். நீளம்தான் மாறும். 70 அடி வரை கிடைக்கிறது. ஆனால் நாலைந்து பேருக்கு 57 அடியே போதும். நீளம் கூடக் கூடத் திருப்புவதற்கான அகன்ற இடங்கள் குறையும், வளைவுகளில் பின்பக்கம் கரையைத் தட்டும்.

ஆறு பேர் படுக்கலாம் என்று போட்டிருந்தால் அதில் நாலு நிலையான படுக்கை, மீதி இரண்டு சாப்பாட்டு மேசையைப் பிரித்துப் போடுவது என்றே பெரும்பாலும் பொருள். இரவு பதினொரு மணிக்கு மேசைக் காலைக் கழற்றி, பலகையை இறக்கி, மெத்தைத் துண்டுகளை அடுக்குவது முதல் நாள் விளையாட்டாக இருக்கும். நாலாம் நாள் யாரும் பேசிக்கொள்ளாமல் செய்வார்கள். ஆறு படுக்கைப் படகில் நாலு பேர் போவதே சரியான அளவு. ஐந்து பேரைத் தாண்டினால் கழிப்பறை இரண்டு இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பின்பக்கத் தளத்திலும் கவனம் வேண்டும். டிரெடிஷனல் வகையில் ஓட்டுகிறவர் ஒருவர் நிற்கத்தான் இடம். நண்பர்கள் எல்லாரும் முன்னால் உட்கார்ந்திருக்க, ஓட்டுகிறவர் மட்டும் ஐம்பது அடிக்குப் பின்னால் தனியாக நிற்பார். குரூசர் வகை திறந்த பெரிய தளம். நாலைந்து பேர் கூடி நின்று பேசிக்கொண்டே போகலாம், மழையும் காற்றும் மட்டும் நேரே அடிக்கும். செமி-டிரெட் இரண்டுக்கும் நடுவில். பக்கவாட்டில் சுவரும் பெஞ்சும் இருக்கும். குழந்தைகள் வந்தால் அதுவே பாதுகாப்பு.

இப்போது ஒப்படைக்கும் அந்த ஒரு மணி நேரம். நல்ல நிறுவனத்தை மோசமான நிறுவனத்திலிருந்து பிரித்துக் காட்டுவது இதுதான். முன்கூட்டியே வீடியோ அனுப்பிவிட்டு, வந்ததும் கையெழுத்து வாங்கிக்கொண்டு கயிற்றை அவிழ்த்துவிடுகிற இடத்தை நம்பாதீர்கள். சொல்லித்தருபவர் உங்களோடு படகில் ஏறி, முதல் பாலத்தையாவது தாண்டும் வரை பக்கத்தில் நிற்க வேண்டும். முதல் லாக்கையும் கூடவே இருந்து செய்யச் சொல்லித் தந்தால் அதற்காகவே கூடுதல் பணம் கொடுக்கலாம். முன்பதிவின்போதே இதைக் கேளுங்கள். அந்த நேரத்தில் நாலு பேரும் ஒன்றாக நின்று கேட்பது முக்கியம். ஒருவர் கேட்டுக்கொண்டிருக்க மற்றவர்கள் பெட்டியைப் பிரித்து அடுக்கினால், வாரம் முழுக்க எல்லாவற்றுக்கும் அந்த ஒருவரையே கேட்க வேண்டியிருக்கும். என்ஜினை நிறுத்தும் முறை, கேஸ் வால்வு, படகின் அடியில் தேங்கும் தண்ணீரை வெளியேற்றும் பில்ஜ் பம்பின் சுவிட்ச், ஃபியூஸ் பலகை, தண்ணீர் பம்பு, கழிவுத் தொட்டியின் அளவுமானி, பழுதானால் கூப்பிட வேண்டிய எண் எல்லாவற்றையும் உங்கள் கையாலேயே ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓட்டுவது சுலபம், நிறுத்துவதுதான் கஷ்டம். டில்லரை, அதாவது பின்னால் நின்று பிடிக்கும் சுக்கான் கைப்பிடியை, இடப்பக்கம் தள்ளினால் மூக்கு வலப்பக்கம் போகும். கை அதற்குப் பழக அரை மணி நேரம் போதும். ஆனால் படகு கார் மாதிரி முன்சக்கரத்தில் திரும்புவதில்லை. ஏறக்குறைய நடுவிலிருந்து சுழல்கிறது. மூக்கு வலப்பக்கம் போகும்போது வால் இடப்பக்கம் வீசும். கட்டிப்போட்ட படகுகளை இடிக்கிற பெரும்பாலோர் இடிப்பது வாலால்தான். பிரேக் கிடையாது. ரிவர்ஸ் போட்டால்தான் வேகம் குறையும், ரிவர்ஸில் சுக்கான் ஏறக்குறைய வேலை செய்யாது. ஆகவே நிற்க வேண்டிய இடத்துக்கு வெகு முன்னாலேயே வேகத்தைக் குறைக்க வேண்டும். எதிரில் படகு வந்தால் நீங்கள் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். பிரிட்டன் சாலைப் பழக்கத்துக்கு இது நேர் எதிர் என்பதால் உள்ளூர்க்காரர்களே முதல் நாள் தடுமாறுவார்கள். கரையை உரசி ஒதுங்கினாலும் தரை தட்டும். கால்வாய் நடுவில்தான் ஆழம்.

வேகம் கூடிவிட்டது என்பதைக் கரையைப் பார்த்தே சொல்லலாம். பின்னால் அலை உடைந்து கரையில் மோதினால் அது அதிகம். ஆழமில்லாத கால்வாயில் வேகப்பிடியான திராட்டிலை ஏற்ற ஏற்றப் படகின் பின்பக்கம் தண்ணீரில் அமிழும். சத்தமும் டீசலும் கூடும், வேகம் கூடாது.

நாப்டனில் ஒன்பது லாக். குன்றின் மேல் காற்றாலை தெரிய, வயல்களுக்கு நடுவே தண்ணீர் படிப்படியாக ஏறுகிறது. இங்கே செய்கிற வேலையைத் துல்லியமாகத் தெரிந்துகொண்டால் வாரம் முழுவதற்கும் அது போதும்.

மேலே ஏறும்போது லாக் காலியாக இருக்க வேண்டும். அதாவது உள்ளே தண்ணீர் கீழ்மட்டத்தில். நிரம்பியிருந்தால் உடனே காலி செய்யாதீர்கள். மேலிருந்து யாராவது வருகிறார்களா என்று நடந்து போய்ப் பாருங்கள். நிரம்பிய லாக் அவர்களுக்குச் சாதகம், அவர்கள் முதலில் இறங்குவதே முறை. ஒரு லாக்குக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் லிட்டர் தண்ணீர் செலவாகிறது என்பதை நினைத்தால் இந்தப் பொறுமை வெறும் மரியாதை இல்லை என்பது புரியும். மோதலைத் தாங்கப் பக்கவாட்டில் தொங்கும் ஃபெண்டர்களைத் தூக்கிவிட்ட பிறகே நுழையுங்கள். பக்கத்துக்கு ஓர் அங்குலம்தான் இடைவெளி. தொங்கும் ஃபெண்டர் ஆப்பு மாதிரி சிக்கி, தண்ணீர் ஏறும்போது படகு சாய்ந்துவிடும்.

படகு உள்ளே வந்ததும் கீழ்க் கதவுகளைச் சாத்துங்கள். கீழ்ப் பேடில்கள், அதாவது மதகுப் பலகைகள், இறங்கியிருக்கின்றனவா என்று பார்த்த பிறகுதான் மேலே போக வேண்டும். மதகைச் சுற்றித் தூக்கும் கைப்பிடியான விண்ட்லாஸை அச்சில் மாட்டி மேல் மதகை முதலில் பாதி மட்டும் தூக்குங்கள். படகு குலுங்கி அடங்கியதும் மீதியைத் தூக்கலாம். கதவிலேயே மதகு உள்ள லாக்குகளில் தரை மதகை முதலில் திறந்து, தண்ணீர் போதிய அளவு ஏறிய பிறகே கதவு மதகைத் தொட வேண்டும். முந்தித் திறந்தால் தண்ணீர் நேராக முன்தளத்தில் கொட்டும். மட்டம் சமமானதும் கதவு தானாகவே லேசாக அசையும். அப்போது முதுகைக் கொடுத்துத் தள்ளினால் போதும். அசையாத கதவோடு மல்லுக்கட்டினால் முதுகுதான் போகும். மதகை மூடும்போது விண்ட்லாஸால் சுற்றியே இறக்க வேண்டும். பற்சக்கரத்தின் தடுப்பைத் தட்டிவிட்டுத் தானாக விழ விட்டால் இரும்பும் பலகையும் கெடும். அச்சில் மாட்டியிருந்த விண்ட்லாஸ் சுழன்று தாடையைப் பெயர்க்கும். அச்சில் மாட்டிய விண்ட்லாஸை விட்டு ஒரு நொடிகூடக் கையை எடுக்காதீர்கள்.

இறங்கும்போது ஆபத்து வேறு. மேல் கதவுக்கு அடியில் சில் என்கிற கல் மேடை நீட்டிக்கொண்டிருக்கிறது. தண்ணீர் நிரம்பியிருக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. லாக் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டு எது வரை என்று காட்டியிருப்பார்கள். படகின் வால் அந்தக் கோட்டுக்கு முன்னால் இருக்க வேண்டும். பின்னால் ஒதுங்கி நின்றால், தண்ணீர் இறங்க இறங்க வால் மேடையில் உட்கார்ந்துவிடும், மூக்கு மட்டும் கீழே போகும். சில நிமிடங்களில் முன்கதவு வழியாகத் தண்ணீர் புகுந்து படகு மூழ்கும். கால்வாயில் படகுகள் மூழ்குவதற்கு முக்கியமான காரணங்களில் இது ஒன்று. ஓட்டுகிறவர் பேச்சை நிறுத்திக் கோட்டைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். மதகருகில் நிற்பவர் ஓட்டுகிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டும். படகு ஏதாவது ஒரு பக்கம் தொக்கி நின்றால் கீழ் மதகுகளை உடனே மூடுங்கள். பிறகு மேல் மதகை மெதுவாகத் திறந்து தண்ணீரை ஏற்றினால் படகு மிதந்து விடுபடும். லாக்கில் கயிற்றை முடிச்சுப் போட்டுக் கட்டவே கூடாது. ஒரு சுற்று சுற்றிக் கையில் பிடித்திருந்தால் போதும்.

நாப்டனைத் தாண்டி மார்ஸ்டன் டோல்ஸிலிருந்து கிளேடன் வரை சுமார் 11 மைல் லாக்கே கிடையாது. இந்தப் பயணத்தின் உயிர் இந்த 11 மைல்தான். பொறியாளர் ஜேம்ஸ் பிரிண்ட்லி வகுத்த கால்வாய் இது. அவர் 1772-இல் இறந்தார், தண்ணீர் ஆக்ஸ்ஃபோர்டைத் தொட 1790 ஆனது. குன்றை வெட்டாமல், பள்ளத்தை மேடாக்காமல், ஒரே மட்டத்தைப் பிடித்துக்கொண்டு நிலம் வளைகிற பக்கமெல்லாம் வளைந்து போகிறது. வொர்ம்லைட்டன் அருகே குன்றைச் சுற்றி ஏறக்குறைய புறப்பட்ட இடத்துக்கே வந்துவிடும். அரை மணி நேரத்துக்கு முன் இடப்பக்கம் பார்த்த பண்ணை வீடு இப்போது வேறொரு கோணத்தில் மறுபடியும் வரும். வடபகுதியை 1830-களில் நேராக்கிவிட்டார்கள். தெற்கு அப்படியே விடப்பட்டது நம் பாக்கியம். வளைவுகள் மறைவானவை. செங்கல் பாலங்களுக்கு அடியில் ஒரு படகுக்கே இடம். பாலத்தை நெருங்கும்போது ஹாரன் அடித்துவிட்டு, எதிரில் மூக்கு தெரிந்தால் ஒதுங்கி நில்லுங்கள். ஃபென்னி காம்ப்டனில் டனல், அதாவது சுரங்கம், என்று வரைபடத்தில் போட்டிருக்கும் இடத்தில் இப்போது கூரை இல்லை. குறுகிய பள்ளம்தான். அங்கே இரண்டு படகுகள் கடப்பது சிரமம், முன்னால் பார்த்துவிட்டு நுழையுங்கள்.

லாக்கே இல்லாத இந்த 11 மைல் உச்சி மட்டத்துக்குத் தண்ணீர் போடிங்டன், கிளாட்டர்கோட், வொர்ம்லைட்டன் நீர்த்தேக்கங்களிலிருந்து வருகிறது. கோடை வறண்டால் லாக்குகளுக்கு நேரக் கட்டுப்பாடு வரும், சில சமயம் மூடியும் விடுவார்கள். 2025 கோடையில் இங்கிலாந்தின் பல கால்வாய்களில் இதுதான் நடந்தது. புறப்படும் முன் கால்வாய்களைப் பராமரிக்கும் கெனால் அண்ட் ரிவர் டிரஸ்ட் வெளியிடும் மூடல் அறிவிப்புகளைப் பாருங்கள். பாதை மூடினால் பணம் திரும்புமா, வேறு பாதையா, வேறு தேதியா என்பதை நிறுவனத்தின் விதிமுறையில் முன்கூட்டியே படித்துவிடுங்கள்.

பழுது என்று வந்தால் பெரும்பாலும் புரொப்பெல்லரில் சிக்கிய குப்பைதான். என்ஜின் உறுமும், கறுப்புப் புகை வரும், படகு நகராது, டில்லர் அதிரும். பிளாஸ்டிக் பை, பழைய துணி, கயிறு, சில சமயம் முள்கம்பிகூட. கரை ஒதுக்கி என்ஜினை நிறுத்தி, சாவியைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். சாவி உங்கள் பையில் இருக்கும்வரை உள்ளே கை விட்டிருப்பவரின் விரல்கள் பத்திரம். பின்தளப் பலகையைத் தூக்கினால் புரொப்பெல்லருக்கு மேலே உள்ள வீட் ஹாட்ச் என்ற திறப்பின் மூடி தெரியும். திறந்து கையை விட்டு, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். தண்ணீர் சில்லென்று முழங்கை வரை ஏறும். மூடியைத் திரும்பப் போட்டுத் திருகை இறுக்கமாகச் சுற்றிய பின், என்ஜினை லேசாக ஓட்டித் தண்ணீர் கசியவில்லை என்று பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக மூடாத ஹாட்ச் வழியாகப் புரொப்பெல்லரே தண்ணீரை உள்ளே இறைத்துப் படகை மூழ்கடிக்கும்.

தினமும் காலையில் என்ஜின் எண்ணெயை அளவுக்கம்பியில் பாருங்கள். மாலையில் நிறுத்தியதும் பின்பக்கத்தில் புரொப்பெல்லர் தண்டுக்குக் கிரீஸைத் தள்ளும் பிடியைக் கெட்டியாகும் வரை ஒரு சுற்று திருகுங்கள். சில படகுகளில் இது தேவையில்லை, ஒப்படைப்பவர் சொல்வார். தண்ணீர்த் தொட்டியை இரண்டு நாளுக்கு ஒருமுறை நிரப்புவது நல்லது. குழாயின் அழுத்தத்தைப் பொறுத்து அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்துக்கு மேலும் பிடிக்கும். மதியச் சாப்பாட்டை அந்த நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். மின்சாரம் பேட்டரியிலிருந்து. ஹேர் டிரையர், மின்கெட்டில் எல்லாம் வேண்டாம்.

இரவு கால்வாயோர நடைபாதையான டோபாத் பக்கம் எங்கும் கட்டலாம், பலகை வேறு மாதிரி சொல்லாதவரை. லாக் வாசல், மறைவான வளைவு, படகு திருப்புகிற அகன்ற இடம் ஆகிய மூன்றிலும் கட்டக் கூடாது. கரையில் இரும்புத் தகடு பதித்திருந்தால் கொக்கியை மாட்டினால் போதும். மண் கரை என்றால் முளைகளைச் சாய்வாக அடித்து, மேலே பளிச்சென்ற துணியோ பையோ கட்டிவிடுங்கள். சைக்கிளில் வருகிறவர் இருட்டில் தடுக்கி விழாமலிருக்க அதுவே வழி. இரவு எட்டிலிருந்து காலை எட்டு வரை மற்றவர்களுக்குப் பக்கத்தில் என்ஜினை ஓட்டாதீர்கள். கிராப்ரெடியில் ஆகஸ்ட் மாதம் இசைவிழா நடக்கும் வாரத்தில் கட்ட இடம் கிடைப்பது அரிது. அந்த வாரத்தைத் தவிர்க்கலாம்.

யாராவது தண்ணீரில் விழுந்தால் முதலில் கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து என்ஜினை நிறுத்துங்கள். காப்பாற்றப் போகிறேன் என்று ரிவர்ஸ் போட்டால் புரொப்பெல்லர் அவர் பக்கம் போகும். பெரும்பாலான இடங்களில் மூன்று நாலு அடி ஆழம்தான், எழுந்து நிற்கச் சொன்னாலே போதும். லாக்குக்குள் மட்டும் அப்படி இல்லை. படகுக்கும் சுவருக்கும் நடுவே காலையோ கையையோ கொடுத்து இடியைத் தடுக்க எவரும் முயலக் கூடாது. பெயிண்ட் போனால் பூசிக்கொள்ளலாம்.

கடைசி இரவு நிறுவனத்தின் துறையிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் கட்டிவிடுங்கள், வழியில் லாக் மிச்சமில்லாமல். காலை ஒன்பதுக்குத் துறையில் டீசல் நிரப்பவும் கழிவுத் தொட்டியை உறிஞ்சவும் பத்துப் படகுகள் வரிசையில் நிற்கும். விண்ட்லாஸ்களை எண்ணிப் பாருங்கள். ஒன்று குறைந்தால் அது ஏதோ ஒரு லாக்கின் அச்சிலோ அடியிலோ இருக்கிறது என்று பொருள், முன்பணத்தில் கழித்துக்கொள்வார்கள்.